கொய்சுவல்

கொய்சுவல் என்பது மயிர் நறுக்கப்பட்ட குதிரைப் பிடரி. சங்கப் பாடல்களில் இச்சொல் 'புரவி' என்பதற்கு அடையாக வருகிறது. இன்றைய பேச்சுத் தமிழில் இந்த வேலைக்குத் தனிச்சொல் இல்லை. 'பிடரி மயிரை ஒட்ட வெட்டிவிடுவது' என்று விரித்துத்தான் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் அதற்குப் பன்றியின் பெயரே வினையாகிவிட்டது. நறுக்கிய மயிர் பன்றி முதுகின் முள்மயிர்போல் விறைத்து நிற்பதால் வந்த வழக்கு அது. அதே கழுத்தைப் பார்த்த தமிழனுக்குத் தினைப்புனம் நினைவுக்கு வந்திருக்கிறது.

சுவல் என்ற சொல்லின் பொருள்களில் எல்லாம் ஒரு மேடு இருக்கிறது. மேட்டு நிலமும் சுவல்; தோளுக்கு மேலே கழுத்தின் பின்புறமும் சுவல். மயிர் முளைக்கும் இடத்தின் பெயர் மயிருக்கும் ஆகிவந்தது. புறநானூற்றின் 120ஆம் பாட்டில் கபிலர் பாரியின் நாட்டுச் செம்மண் மேட்டைச் 'செஞ்சுவல்' என்கிறார். அதே பாட்டில் தினை கொய்வதும் வருகிறது. கொய்தல் பூவுக்கும் கீரைக்கும் கதிருக்கும் உரிய வினை. கொய்த பிறகும் அடி நிற்கும், பல செடிகளில் மறுபடி துளிர்க்கும். மலையாளத்தில் நெல்லறுப்பே கொய்த்து. கன்னடத்தின் கொய், தெலுங்கின் கோயு இரண்டும் அறுப்பதைக் குறிப்பவை. தோல் தெரிய எடுப்பதற்கு மழித்தல், சிரைத்தல் என்று வேறு சொற்கள் இருந்தும் குதிரைக்குக் கொய்தலே வாய்த்தது. ஆகவே பழந்தமிழ்ப் புரவியின் பிடரி முழுக்க வழித்தெடுக்கப்பட்டதல்ல, மேலாக நறுக்கிக் குறுக்கப்பட்டது என்று கொள்வதே பொருந்தும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அகநானூற்றின் 4ஆம் பாட்டு குறுங்குடி மருதனார் பாடியது. பூவில் தேனுண்ணும் வண்டுகள் மிரளக் கூடாதென்று தேர்மணியின் நாவைக் கட்டிவைத்த தலைவனின் பாட்டு. அவன் குதிரைக்கு ஒரே அடியில் இரண்டு அடைகள்: வளைந்த உளையும் உண்டு, கொய்த சுவலும் உண்டு. உளை என்றால் பிடரி மயிர் என்று அகராதி சொல்லும். கொய்தது எப்படி வளைந்து தொங்கும்? உளைக்குத் 'தலையாட்டம்' என்றும் பொருள் இருப்பதே விடை. தலையாட்டம் என்பது குதிரையின் தலையில் சூட்டும் அசையும் அணி. பிடரியை நறுக்கிவிட்டு உச்சியில் அணியைச் சூட்டிய குதிரை என்று படித்தால் பாட்டில் முரண் இல்லை. ஆனால் 'கொய்யுளை' என்ற சேர்க்கையும் பழந்தமிழில் இருக்கிறது. அங்கே உளை மயிர்தான், வேறாக இருக்க முடியாது. ஒரே சொல் மயிரையும் அணியையும் சுட்டியதால் இடம் பார்த்தே பொருள் கொள்ள வேண்டியிருக்கிறது.

பிடரியை நறுக்குவது தமிழகத்துக்கு மட்டும் உரிய பழக்கமல்ல. ஏதென்ஸின் பார்த்தெனான் கோயில் சிற்ப வரிசையிலும், சீனப் பேரரசன் சின் ஷி ஹுவாங்கின் கல்லறைக் காவலுக்கு வைத்த சுடுமண் குதிரைகளிலும் குறுகி நிமிர்ந்த பிடரியைக் காணலாம். நார்வேயின் ஃபியோர்டு குதிரைக்கு நடுமயிர் கருப்பு, இருபக்கமும் வெளிறிய நிறம். கருங்கோடு தெரியும்படி பிறைபோல் வளைத்து நறுக்குவார்கள். போலோ குதிரைக்கு அழகு இரண்டாம்பட்சம். மட்டையும் கடிவாள வாரும் மயிரில் சிக்கினால் ஆட்டம் கெடும்.

பிரிட்டனின் 'காப்' தடித்த கழுத்தும் குட்டைக் காலும் உள்ள குதிரை. தமிழில் மட்டக்குதிரை என்றால் ஏறக்குறைய ஒத்துவரும். காட்சிப் போட்டிக்கு வரும் காப் 148 சென்டிமீட்டருக்கு மேல், 155க்குள் இருக்க வேண்டும். அதன் பிடரியை வழித்துவிடுவது அங்கே மரபு. வாலெலும்பை வெட்டும் மரபும் கூடவே இருந்தது. அதை 1949ஆம் ஆண்டுச் சட்டம் நிறுத்தியது. வலி இல்லாததால் பிடரி வழிக்கும் மரபு தப்பியது, மயிர்தான் தப்பவில்லை.

வழிப்பதா விடுவதா என்பதைக் கழுத்தே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. வளைந்து திரண்ட கழுத்து வழித்தால் எடுப்பாகத் தெரியும். மெலிந்த கழுத்தின் குறை பளிச்சென்று வெளிப்படும். வழித்தால் வியர்வையும் மயிர்ச்சிக்கும் குறையும். கொசு போன்ற சிறு பூச்சிகள் கடித்து அரிப்பெடுக்கும் குதிரைக்கு மருந்து பூச வசதி. ஆனால் அந்தப் பூச்சிகளுக்கு எதிரான மறைப்பும் மயிரோடு போய்விடும். ஏறும்போது கைப்பிடிக்க எதுவும் இராது. தலையைத் தாழ்த்திப் பிடித்துத் தோல் இழுபட்டிருக்கையில் தோளிலிருந்து காதை நோக்கி எந்திரக் கத்தரியை ஓட்டுவது வழக்கம். தொடங்கினால் சில வாரங்களுக்கு ஒருமுறை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மனம் மாறி வளரவிட்டால் மயிர் பல மாதம் தூரிகைபோல் விறைத்து நிற்கும். பழையபடி சாய்ந்து விழ ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

மறுபடி தமிழகத்துக்கு வருவோம். கொய்சுவல் என்ற சொல் வழங்கிய காலத்துச் சோழர் தலைநகர் உறையூர், இன்று திருச்சியின் ஒரு பகுதி. குதிரைக்குத் திருச்சிப் பக்கம் பின்னும் பஞ்சமில்லை. ஸ்ரீரங்கம் சேஷகிரிராயர் மண்டபத் தூண்களில் பாய்ந்தெழும் குதிரைகள் உண்டு. பொன்மலைக் குன்றடியில் 1753இல் நடந்த சண்டையில் மைசூர், மராட்டியக் குதிரைப்படைகள் பிரெஞ்சுக்காரர் பக்கம் நின்றன. ஆனால் இந்தப் பிற்காலக் குதிரையோடு வந்த சொற்கள் வேறு: சவாரி, லகான், சவுக்கு, கடைசியாக ஜட்கா. பழைய குதிரைச் சொல் பிழைக்க அதன் செயலும் பிழைத்திருக்க வேண்டும் போலும். ஸ்ரீரங்கம் கோயிலின் இராப்பத்து விழாவில், எட்டாம் நாள் நடக்கும் வேடுபறியன்று, உற்சவரான நம்பெருமாள் தங்கக் குதிரையேறி மணல்வெளியில் ஓடிக் காட்டுவதை ஸ்ரீரங்கத்தார் இன்றும் 'வையாளி' என்றே சொல்கிறார்கள். குதிரை ஓட்டத்துக்கான பழஞ்சொல் அது. சுவலைக் கொய்வாரும் இல்லை, கொய்சுவலும் இல்லை.

கொய் மட்டும் வேறு வழியாகத் தங்கியது. துணியைச் சுருக்கி மடித்தலும் கொய்தல்தான். அந்த மடிப்புக்குக் கொய்சகம் என்று பெயர். பேச்சில் அது கொசுவம். உறையூர்க் கைத்தறிச் சேலையை உடுத்துபவர் இடுப்பில் செருகுவது அதைத்தான்.