பதவிக்கால வரையறையும் கணக்கொப்புவித்தலும்: உத்தரமேரூர்ச் சாசனங்களை முன்னிறுத்தி ஒரு நோக்கு

இரு தடவை மக்களால் தெரிவு செய்யப்பட்ட ஒருவர் மீண்டும் சனாதிபதிப் பதவிக்குத் தகுதியுடையவராகார் என இலங்கையின 1978 ஆம் ஆண்டு அரசியல் யாப்பு விதித்தது. 2010 செப்ரெம்பரில் நிறைவேறிய பதினெட்டாவது திருத்தம் அவ்விதியை அகற்றிற்று. 2015 இல் பத்தொன்பதாவது திருத்தம் அதனை மீட்டளித்தது. இவ்விரு திருத்தங்களையும் ஒட்டியெழுந்த விவாதங்களிலே, பதவிக்காலத்துக்கு எல்லை வகுத்தால் ஊழல் குறையும் என்ற கருத்து பெரும்பாலும் நிரூபணம் வேண்டாத உண்மையாகவே கொள்ளப்பட்டது. முற்போக்கு அணியினரும் இதற்கு விலக்கல்லர். நீண்டகாலம் பதவியிலிருப்பவன் கெடுவான், ஆகவே ஆளை மாற்றுக என்பதே இக்கருத்தின் சாரம். இது தனிமனிதனின் ஒழுக்கத்தை அளவுகோலாகக் கொண்ட ஒரு வாதம். பதவி எத்தகைய சொத்துறவுகளின் நடுவே அமைந்துள்ளது என்ற வினாவை இவ்வாதம் எழுப்புவதில்லை. அவ்வினாவுடன் தொடங்குவதே எமது நோக்கம்.

இதற்கான சான்று தமிழ்ச் சாசனங்களிலேயே உண்டு. முதலாம் பராந்தகனின் பன்னிரண்டாம், பதினான்காம் ஆட்சியாண்டுகளுக்குரிய, அதாவது கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளுக்குரிய, இரு சாசனங்கள் காஞ்சிபுர மாவட்டத்து உத்தரமேரூரில் இன்று வைகுண்டப் பெருமாள் கோயில் என வழங்கும் கட்டடத்தின் சுவரில் உள்ளன. வி. வெங்கையா 1904-05 ஆம் ஆண்டுக்கான தொல்லியல் ஆய்வுத்துறை அறிக்கையில் அவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். பின்னர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி சோழர் ஆட்சிமுறை பற்றிய தமது 1932 ஆம் ஆண்டு நூலில் அவற்றை விரிவாக நோக்கினார். அதன்பின் 'குடவோலை' என்பது மேடைச் சொல்லாயிற்று. 2020 டிசெம்பரில் புதுதில்லியில் புதிய பாராளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய வைபவத்திலும் இந்தியப் பிரதமர் இச்சாசனத்தைச் சனநாயகத்தின் தொன்மைக்குச் சான்றாக எடுத்துரைத்தார். இத்தகைய புகழுரைகள் சாசனத்தைப் படிப்பதற்கு உதவுவதிலும் பார்க்கப் படிக்காமல் விடுவதற்கே அதிகம் உதவியுள்ளன.

சாசனம் கூறுவது யாது? ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோரின் பெயர்கள் தனித்தனி ஓலைகளில் எழுதப்பட்டு, வாயோலையிட்டுக் கட்டப்பட்டுக் குடத்தில் இடப்படும். மகாசபை சிறியோர் முதியோர் அனைவருடனும் கூடியிருக்க, அன்று ஊரிலுள்ள கோயில் நம்பிமார் ஒருவரும் விடுபடாது மண்டபத்தினுள்ளே அமர்ந்திருக்க, அவர்களுள் மூத்தவர் எல்லோரும் காணும்படி குடத்தை உயர்த்துவார். உள்ளே இருப்பது இன்னதென அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அக்கட்டு வேறொரு குடத்திற் கொட்டிக் குலைக்கப்பட்டபின், அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையிற் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து, உள்ளங்கையிலே அதனை ஏற்றல் வேண்டும். அவன் வாசித்த பெயரை நம்பிமார் யாவரும் வாசித்தல் வேண்டும். இவ்வாறு முப்பது பேர். அவர்களுள் தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் முன்னர் பணிபுரிந்தோரும் கல்வியிலும் வயதிலும் மூத்தோருமான பன்னிருவர் சம்வத்சர வாரியத்துக்கு. பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கு. அறுவர் ஏரி வாரியத்துக்கு. பதவிக்காலம் முந்நூற்றறுபது நாள். இடையே குற்றங் காணப்பட்டவர் உடனே நீக்கப்படுவார். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியம் செய்தவரின் பெயர் குடத்தில் இடப்படமாட்டாது.

விரிந்த விரல்கள் என்ற இச்சிறு விவரம் எம்மை நெடுநேரம் சிந்திக்க வைப்பது. மடித்த விரலிடையே வேறோர் ஓலை மறைந்திருக்கக்கூடும் என்று அஞ்சியவர்கள் எழுதிய விதி இது. சாசனம் முழுவதும் ஊடுருவி நிற்பது நம்பிக்கையன்று, நம்பிக்கையின்மை. அந்நம்பிக்கையின்மையின் சமூக அடிப்படையை அறியத் தகுதி விதிகளை நோக்குதல் வேண்டும்.

கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவராயிருத்தல் வேண்டும். தமக்குரிய மனையில் அகம் எடுத்து வாழ்பவராயிருத்தல் வேண்டும். வயதெல்லை முதற்சாசனத்தில் முப்பது முதல் அறுபது வரை. இரண்டாவதில் முப்பத்தைந்து முதல் எழுபது வரை. வேதக் கல்வி வேண்டும். அரைக்கால் வேலியே உடையவராயினும் ஒரு வேதத்தையும் ஒரு பாடியத்தையும் கற்று விளக்க வல்லவராயின் சேர்த்துக்கொள்ளலாம். உத்தரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம், அதாவது பிரமதேயம். எனவே குடத்தினுள் இடப்பட்டவை பிராமண நிலவுடைமையாளரின் பெயர்களே. நிலத்தை உழுதோர், நீர் பாய்ச்சியோர், கம்மாளர், பெண்கள் ஆகிய எவரது பெயரும் எக்காலத்திலும் அதனுள் இடப்படவில்லை. ஏரியும் தோட்டமும் இவ்வுடைமையாளரின் பொதுச் சொத்து. அப்பொதுச் சொத்தை ஒருவர் தமதாக்கிக்கொள்வாராயின் இழப்பு ஏனைய பங்காளிகளுக்கு. இவ்விதிகள் பங்காளிகள் ஒருவரையொருவர் காவல் செய்தற்கு வகுத்தவை. இவற்றை வகுத்தபோது அரச கட்டளையுடன் அதிகாரியொருவர் சபையில் உடனிருந்தார் என்பதும் கவனத்துக்குரியது. ஊரின் இறையைத் திரட்டிச் செலுத்தும் பொறுப்பு சபையினது. ஆகவே சபையின் ஒழுங்கில் அரசுக்கும் நேரடி நலன் இருந்தது.

எனினும், இவ்வர்க்க எல்லைக்குள்ளே நின்று நோக்கின், அவர்கள் ஊழலின் இயல்பை எம் காலத்து யாப்பறிஞர் பலரிலும் பார்க்கத் தெளிவாக விளங்கியிருந்தனர் எனலாம். இரண்டாவது சாசனத்திலே, முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தவர் விலக்கப்படுகிறார். அவர் மட்டுமல்லர். அவருடைய சிற்றன்னை, பேரன்னை மக்கள், அத்தை மக்கள், அம்மான் மக்கள், தாயோடுடன்பிறந்தான், தகப்பனோடுடன்பிறந்தான், உடன்பிறந்தான், மாமன், மைத்துனன், உடன்பிறந்தாள் கணவன், மருமகன், தகப்பன், மகன் என உறவுமுறைகள் ஒவ்வொன்றாக எண்ணப்பட்டு விலக்கப்படுகின்றன. பதவியின் பயனை நுகர்வது தனியாளன்று, குடும்பம் என்பதை இப்பட்டியல் அறிந்திருந்தது. கணக்கெழுதுவோன் பற்றிய விதியும் அத்தகையதே. தான் எழுதிய கணக்கைத் தானே காட்டித் தூயவன் எனக் காணப்பட்டாலன்றி அவனுக்கு மீண்டும் கணக்கு இல்லை. அவனது கணக்கை முடிப்பதற்கு வேறொரு கணக்கனைப் புகுத்தவும் கூடாது. ஆக, மூன்றாண்டு இடைவெளி என்பது தனித்து நின்ற விதியன்று. கணக்கு, உறவு, உடனடி நீக்கம் என்பவற்றோடு பிணைந்தே அது இயங்கிற்று. 919 இல் வகுத்ததை இரண்டே ஆண்டுகளில் திருத்தி, விலக்குகளை மிக விரித்தெழுத நேர்ந்தமை, சுழற்சி மட்டும் போதுமானதாக இருக்கவில்லை என்பதை ஊகிக்க இடமளிக்கிறது.

இங்கு இன்னொன்றையும் கூறுதல் அவசியம். ஏரி வாரியத்தான் பொதுப்பணத்தைக் கையாடினால் அது குற்றம். உழுதவனின் விளைவிலிருந்து மேல்வாரம் கொள்வது குற்றமன்று, உரிமை. எது ஊழல், எது உரிமை என வகுக்கும் அதிகாரமே உடைமையாளரிடம் இருந்தது. நொபொரு கரஷிமா 1966 இல் அல்லூர், ஈசானமங்கலம் ஆகிய இரு காவிரிக்கரை ஊர்களை ஒப்பிட்டுத் தொடக்கிய ஆய்வுகள், பிற்காலச் சோழர் காலத்திலே கீழ்க்காவிரிப் பகுதியில் தனியார் பெருநிலவுடைமை வளர்ந்தமையைக் காட்டின. பங்காளிகளிடையே ஏறத்தாழச் சமநிலை நிலவும் வரையிலேயே ஒருவரையொருவர் காவல் செய்யும் இத்தகைய முறை உயிர்ப்புடன் இருக்கமுடியும். ஒருவன் ஊரின் பெரும்பகுதியை உடைமையாகக் கொள்ளுமிடத்து, குடத்திலிருந்து எவர் பெயர் வெளிவரினும் ஏரியின் மதகு அவன் சொற்படியே திறக்கும்.

உறவும் கணக்கும் நீங்க, பதவிக்கால எல்லை மட்டும் தனித்து நின்றால் என்ன நிகழும் என்பதற்கு இருபதாம் நூற்றாண்டு மெக்சிக்கோ ஏறத்தாழ ஒரு சோதனைக்கூடமாக அமைந்தது. போர்பிரியோ டியாஸ் 1876 இல் மீள்தெரிவை எதிர்த்தே கிளர்ந்தெழுந்தார். பின்னர் 1911 வரை, இடையில் ஒரு தவணை நீங்கலாக, தாமே ஆண்டார். 1910 இல் மதேரோ அதே முழக்கத்தை டியாசுக்கு எதிராகவே திருப்பினார். 1928 இல் மீண்டும் தெரிவாகிய ஒப்ரெகோன் பதவியேற்குமுன் கொல்லப்பட்டார். 1929 இல் ஆளுங் கட்சி அமைக்கப்பட்டது. 1933 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் சனாதிபதிக்கு மறுதவணை அறவே இல்லை. சட்டசபையினருக்கு அடுத்தடுத்துத் தவணை இல்லை. இவ்விதி பெயரளவில் நின்றதன்று. 1934 முதல் ஆறாண்டுக்கு ஒருமுறை சனாதிபதி தவறாது பதவி நீங்கினார். நிக்கராகுவாவில் சொமோசா குடும்பம் 1979 வரை நிலைத்தது போல ஒரு குடும்பம் மெக்சிக்கோவில் நிலைக்க முடியவில்லை. இது சிறிய நன்மையன்று. அதனை மறுப்பது எமது நோக்கமுமன்று.

ஆனால் ஊழல் குறைந்ததா? 2000 ஆம் ஆண்டு வரை சனாதிபதிப் பதவி ஒரே கட்சியின் கையில் இருந்தது. பதவி நீங்கும் சனாதிபதியே அடுத்தவரைச் சுட்டினார். விரலாற் சுட்டல் எனப் பொருள்படும் 'டெடாசோ' என்ற சொல்லால் மக்கள் அதனைக் குறித்தனர். மீண்டும் வாக்காளரிடம் செல்ல வேண்டியிராத சட்டசபை உறுப்பினர், தமது அடுத்த பதவிக்குக் கட்சித் தலைமையையே நோக்கியிருந்தார். நிறைவேற்று அதிகாரத்தைக் கணக்குக் கேட்கும் துணிவோ அனுபவமோ அவரிடம் வளர வாய்ப்பிருக்கவில்லை. தவணையின் இறுதியாண்டுக்கு 'இடால்கோவின் ஆண்டு' என்றொரு கேலிப் பெயர் வழங்கிற்று. விட்டுச் செல்வதற்கு எதனையும் மிச்சம் வையாதே என்பது அதன் உட்பொருள். எண்ணெய் வளம் பெருகிய 1976-1982 தவணை முடிந்ததும் புதிய சனாதிபதி 'ஒழுக்கப் புதுப்பித்தல்' என முழங்கினார். அரச எண்ணெய் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் 1983 இல் கைதானார். தலைநகரின் முன்னாள் பொலிஸ் தலைவர் 1984 இல் வெளிநாட்டிற் பிடிபட்டார். சென்ற தவணையின் ஆட்களைத் தண்டித்து இத்தவணையைத் தூய்மையெனக் காட்டும் வசதியையும் இம்முறை அளித்தது. 2014 இல் சட்டசபையினருக்கு மீள்தெரிவு அனுமதிக்கப்பட்டது. 2025 இல், 2030 முதல் அது மீண்டும் நிறுத்தப்படுமெனத் திருத்தம் செய்யப்பட்டது. நூறாண்டு கடந்தும் அந்நாட்டில் இவ்விதி அங்குமிங்குமாக அசைகின்றதேயன்றி, எண்ணெய்க்கும் ஒப்பந்தத்துக்கும் பதவிக்கும் உள்ள உறவு அசையவில்லை.

இனி எமது நாட்டுக்கு வருவோம். 2015 தேர்தலில் மூன்றாந் தவணை நாடியவர் தோற்றார். 2019 இல் அவரது உடன்பிறந்தார் வென்றார். உத்தரமேரூர்ச் சபையார் உறவுமுறைகளை ஒவ்வொன்றாக எண்ணி எழுதியதன் காரணம் இங்கு விளங்கும். ஆயின் குறை ஒரு குடும்பத்துக்கு மட்டும் உரியதன்று. பதவிக்கால வரையறை மீட்கப்பட்ட அதே 2015 இலும், மறு ஆண்டு மார்ச்சிலும் நிகழ்ந்த திறைசேரி முறி விற்பனைகள், மாற்றத்தின் பெயரால் ஆட்சிக்கு வந்தோரின் காலத்தவை. அவற்றை விசாரித்த சனாதிபதி ஆணைக்குழு, ஊழியர் சேமலாப நிதிக்கு ஏற்பட்ட இழப்பையும் தன் விசாரணையிற் கொண்டது.

2020 ஒக்ரோபரில் வந்த இருபதாவது திருத்தமே இவ்விடயத்தில் மிகத் தெளிவான சான்று. சனாதிபதியின் அதிகாரத்தைப் பெருக்குவதற்கென வந்த அத்திருத்தம், இரு தவணை விதியைத் தொடவேயில்லை. அது நீக்கியவை கணக்காய்வுச் சேவை ஆணைக்குழுவும் தேசிய பெறுகை ஆணைக்குழுவுமாகும். அதிகாரத்தில் உள்ளோர் எதனைப் பொறுத்துக்கொள்வர், எதனைப் பொறுத்துக்கொள்ளார் என்பதை அவர்களே எழுத்தில் தந்துள்ளனர். 2022 ஏப்ரிலில் அரசு வெளிநாட்டுக் கடன் திருப்பிச் செலுத்தலை நிறுத்தியது. அவ்வாண்டு ஒக்ரோபரில் இருபத்தோராவது திருத்தம் அவ்விரு ஆணைக்குழுக்களையும் மீள அமைத்தது. 2023 இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைக்கப்பட்டபோது வங்கிகளின் திறைசேரி முறிகள் விலக்களிக்கப்பட்டன. சுமை ஊழியர் சேமலாப நிதி போன்ற ஓய்வூதிய நிதிகளின்மீது ஏற்றப்பட்டது. அந்நிதிக்கு மாதந்தோறும் பணம் கட்டும் தோட்டத் தொழிலாளியும் ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணும் அதன் முதலீட்டைத் தீர்மானிக்கும் சபையில் அமர்வதில்லை. அதன் கணக்கு அவர்கள்முன் எழுந்து வாசிக்கப்படுவதுமில்லை.