மாண்டிசோரி வகுப்பில் குழந்தையின் ஆர்வத்தைப் பின்தொடர்தல்

மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தை தானாக எதை எடுத்துச் செய்கிறது, எதில் ஊன்றி நிற்கிறது என்று கவனித்து, அதை வைத்து அடுத்த பாடத்தை ஆசிரியர் தீர்மானிக்கும் முறை. இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி (1870–1952) வகுத்த கல்வியின் உயிர்நாடி இது. கேட்டதையெல்லாம் கொடுத்துவிடுவது என்று இதைப் பலரும் புரிந்துகொள்கிறார்கள். அது செல்லம் கொடுப்பது. இதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் பகுதியில் 'காசா தெய் பம்பினி' எனும் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. அங்கே மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்துவதும் எடுப்பதுமாக இருந்தாள். மாண்டிசோரி மற்றக் குழந்தைகளைப் பாடச் சொன்னார்; அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தும் பார்த்தார். உருளைகளை மடியில் வைத்துக்கொண்டு அவள் வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் செய்துவிட்டுத் தானே நிறுத்தியபோது முகத்தில் களைப்பில்லை. இன்னொரு நாள், அலமாரியைப் பூட்ட மறந்த ஆசிரியை தாமதமாக வந்தார். குழந்தைகள் தாமே பொருள்களை எடுத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர் அதைத் திருட்டாகக் கண்டார். மாண்டிசோரியோ குழந்தைகளுக்குத் தெரிவு செய்யத் தெரிகிறது என்று கண்டார். குழந்தையின் கைக்கெட்டும் திறந்த அலமாரிகள் வந்தது இதனால்தான்.

ஒழுங்கு, மொழி, அசைவு, நுண்பொருள்கள் போன்றவற்றில் குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் தீவிர நாட்டம் எழும் என்பது அவரது விளக்கம். இதற்கான 'உணர்திறன் பருவம்' என்ற கருத்தை டச்சு உயிரியலாளர் ஹியூகோ டி விரீஸிடமிருந்து எடுத்துக்கொண்டார்.

வகுப்பில் ஆர்வத்தை அடையாளம் காட்டுவது ஆசையாகக் கேட்பதோ கண்கள் பளிச்சிடுவதோ அல்ல. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதுதான். நாள்தோறும் தண்ணீர் ஊற்றும் குழந்தையை எடுத்துக்கொள்வோம். அவனுக்குப் பிடித்தது தண்ணீரா, சிந்தாமல் ஊற்றும் கைப்பழக்கமா, சிந்தியதைத் துடைப்பதா? முதலாவதானால் பாத்திரம் கழுவும் வேலையைக் காட்டலாம். இரண்டாவதானால் வாய் குறுகிய குவளையை வைக்கலாம். மூன்றாவதானால் மேசை துடைப்பது இருக்கிறது. பூச்சிகளின் பின்னால் திரியும் சிறுமிக்குப் பூச்சிப் படஅட்டைகளும், அவற்றின் பெயர்களைத் தொடங்கும் உப்புத்தாள் எழுத்துகளும் வழியாகலாம். பாடம் மாறுவதில்லை, நுழையும் வாசல்தான் மாறுகிறது. இதற்கு இடையூறில்லாத ஏறத்தாழ மூன்று மணி நேரம் வேண்டும். நடுவில் சிறிது நேரம் வகுப்பு சலசலக்கும். அதைக் களைப்பு என்று நினைத்துப் புதிய ஆசிரியர் எல்லோரையும் கூட்டி உட்கார வைத்துவிடுவார். ஆழமான வேலை பெரும்பாலும் அதற்குப் பிறகே வரும். சும்மா இருக்கக் கற்பதுதான் பயிற்சியில் கடினமான பகுதி.

எல்லைகளும் உண்டு. செய்துகாட்டப்பட்ட பொருளையே எடுக்கலாம். முடித்ததும் எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். பிறர் வேலையைக் கலைக்கக் கூடாது. ஒவ்வொரு பொருளும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும் என்பதால் காத்திருக்கவும் வேண்டும்.

1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னைக்கு வந்த மாண்டிசோரி, அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கியபோது மலையின் செடிகொடிகளும் சிற்றுயிர்களும் குழந்தைகளின் பாடப்பொருள்களாயின.

பொருள்கள் முன்கூட்டியே வகுக்கப்பட்டவை, கற்பனைக்கு இடம் குறைவு என்று அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் கில்பாட்ரிக் 1914-இலேயே குறைகூறினார். அதில் நியாயம் இருக்கிறது: அலமாரியில் இல்லாத ஆர்வத்துக்கு இம்முறை எளிதில் இடம் தருவதில்லை. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குலுக்கல் முறையில் மாண்டிசோரிப் பள்ளியில் இடம் பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டு, உளவியலாளர் ஏஞ்சலின் லில்லார்ட் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதில் வாசிப்பிலும் கணக்கிலும் முன்னவர்களே மேலாக இருந்தனர். ஆனால் அது முழு முறையையும் அளந்தது. அந்தப் பலனில் ஆர்வத்தைப் பின்தொடர்ந்ததன் பங்கு எவ்வளவு என்பதை அந்த ஒப்பீட்டிலிருந்து தனியே பிரித்தெடுக்க முடியாது.