கனம் கிருஷ்ணையர்

கனம் கிருஷ்ணையர் (1790–1854) கருநாடக இசைப் பாடகர். தமிழில் பதங்கள் இயற்றியவர். இன்றைய அரியலூர் மாவட்டப் பகுதியிலுள்ள பெரிய திருக்குன்றத்தில் பிறந்தார். தஞ்சாவூர், திருவிடைமருதூர் அரண்மனைகளிலும், பிற்காலத்தில் உடையார்பாளையம் ஜமீனிலும் இசைவாணராக விளங்கினார்.

கன மார்க்கம்

அக்கால இசையில் கனம், நயம், தேசிகம் என மூன்று மார்க்கங்கள் இருந்தன. கனம் என்பது அடிவயிற்றிலிருந்து எழும் கம்பீரமான குரலில் தானம் பாடும் முறை. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ஐந்து இராகங்கள் தானத்திற்கு ஏற்றவையாதலால் கன இராகங்கள் எனப்படுகின்றன. இம்முறைக்கு உடல் வலிமையும் கடும் பயிற்சியும் வேண்டும். ஆகவே இதைக் கற்க முன்வந்தோர் மிகச் சிலரே. தஞ்சாவூருக்கு வந்த பொப்பிலி கேசவையாவிடம் இதைக் கற்றுத் தேர்ந்ததால் கிருஷ்ணையரின் பெயருடன் ‘கனம்’ என்னும் அடைமொழி சேர்ந்தது.

பதங்கள்

தியாகராசர் உள்ளிட்ட மும்மூர்த்திகள் பெரும்பாலும் தெலுங்கிலும் வடமொழியிலும் பாடிய காலத்தில், கிருஷ்ணையர் தமிழில் பாடினார். பதம் என்பது நாயகன், நாயகி, தோழி கூற்றாக அமையும் அகப்பொருள் பாட்டு. தாழ்ந்த காலத்தில் நகர்வது. இராகத்தின் சாயலை ஒவ்வொரு சொல்லிலும் காட்டுவது. பைரவி இராகத்தில் அமைந்த ‘வேலவரே’ என்னும் பதத்தில், முருகன்மேல் காதல்கொண்ட பெண்ணுக்காகத் தோழி பேசுகிறாள். வலிய குரலுக்குப் பெயர்பெற்றவர் விட்டுச்சென்றவை இத்தகைய மென்மையான பாட்டுகள். அபிநயத்திற்கு ஏற்றவையாதலால் அவை பரதநாட்டிய மேடைகளிலும் இடம்பெறுகின்றன.

மரபு

‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’ இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் இவரிடம் இசை பயின்றவர். உ. வே. சாமிநாதையரின் தந்தை வேங்கடசுப்பையரும் இவருடைய உறவினர், மாணவர். தந்தையின் வாயிலாக இப்பாட்டுகளை அறிந்த உ. வே. சா., 1936இல் ‘கனம் கிருஷ்ணையர்’ என்னும் நூலை வெளியிட்டார். ஆனால் அவர் பிறந்தது 1855இல். கிருஷ்ணையர் மறைந்ததற்கு அடுத்த ஆண்டு. ஒலிப்பதிவுக் கருவி தோன்றாத காலம் அது. பாட்டின் சொல்லையும் இராகத்தையும் ஏட்டில் குறித்து வைக்கலாம். பாடும் முறை குருவின் குரலைக் கேட்டே வரவேண்டும். அதனால் கிருஷ்ணையரின் பதங்கள் இன்றும் பாடப்பட, அவருக்குப் பெயர் தந்த கன மார்க்கமோ வழக்கிழந்தது.