உறவு எங்கே இருக்கிறது?

கணினி வேலைக்கான நேர்காணலில் எளிதாகத் தோன்றும் ஒரு கேள்வி உண்டு: ரிலேஷனல் டேட்டாபேஸுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது? “டேபிள்களுக்கு இடையே உறவு இருப்பதால்” என்று பலரும் சட்டென்று சொல்வார்கள். பொருத்தமாகத்தான் படுகிறது. ஆனால் பெயரின் பிறப்பு வேறு.

‘திரும்பக் கொண்டுவருதல்’ என்று பொருள்படும் இலத்தீன் வினை ‘ரெஃபெர்ரே’. அதன் வழிவந்த ‘ரிலேஷன்’ ஆங்கிலத்தில் எடுத்துரைப்பதையும் குறித்தது, உறவினரையும் குறித்தது. 19ஆம் நூற்றாண்டில் டி மார்கனும் பியர்ஸும் அதைத் தர்க்கத்துக்குள் இழுத்தார்கள். பிறகு கணக் கோட்பாட்டில் அதன் பொருள் இறுகியது: வரிசைச் சோடிகளின் கணமே ரிலேஷன்; சோடிக்குப் பதில் மூன்று, நான்கு மதிப்புகளின் வரிசையாகவும் இருக்கலாம்.

ஐபிஎம்மில் பணியாற்றிய எட்கர் காட் கணிதம் படித்தவர். 1970 ஜூனில் வெளியான தம் கட்டுரையில் இந்தச் சொல்லைக் கணிதப் பொருளிலேயே ஆள்வதாகத் தெளிவாகச் சொல்லிவிட்டார். அவர் கணக்கில் ஒரு டேபிள்தான் ஒரு ரிலேஷன். பதிவெண், பெயர், ஊர் மூன்றும் ஒரே வரிசையில் பொருந்தி நிற்கின்றனவே, உறவு அங்கே இருக்கிறது. டேபிள் ஒன்றே ஒன்று இருந்தாலும் அது ரிலேஷனல்தான். வேடிக்கை என்னவென்றால், ஒரு பதிவிலிருந்து இன்னொன்றுக்குச் சுட்டிகளால் பாதை போட்டுவைத்தது அவருக்கு முந்தைய முறை. அந்தப் பாதைகளை நம்பியிராமல், மதிப்புகளை வைத்தே தரவைத் தேட வழிசெய்தார் காட்.

பெயரைப் புரிந்துகொண்டால் வேறு சில கேள்விகளும் அவிழும். கணத்தில் ஓர் உறுப்பு இருமுறை வராது; உறுப்புகளுக்கு முன்பின் வரிசையும் கிடையாது. 1974இல் சேம்பர்லினும் பாய்ஸும் ‘சீக்வல்’ என்ற பெயரில் அறிமுகப்படுத்திய, ரிலேஷனல் டேட்டாபேஸை வினவும் மொழி, வணிகமுத்திரைச் சிக்கலால் பின்னர் எஸ்க்யூஎல் ஆயிற்று. அது முதல் விதியைத் தளர்த்தி, இரட்டை வரிசைகளை அனுமதித்தது. அதனால்தான் இரட்டைகளை நீக்க ‘டிஸ்டிங்க்ட்’ என்ற கட்டளைச்சொல் தேவைப்படுகிறது. இரண்டாவது விதி நிலைத்தது. வரிசைப்படுத்தச் சொல்லும் ‘ஆர்டர் பை’ எழுதாதவரை விடை எந்த வரிசையில் வரும் என்பதற்கு உறுதியில்லை. ‘ரிலேஷன்’ என்ற பெயர்ச்சொல்லையும் அந்த மொழி ‘டேபிள்’ என்று மாற்றிக்கொண்டது. எஞ்சியது ‘ரிலேஷனல்’ என்ற அடைமொழி மட்டும். குழப்பம் அதனால் இன்னும் கூடியது.

தமிழில் ‘தொடர்புசார் தரவுத்தளம்’ என்கிறபோது அதே குழப்பம் நமக்கும் வருகிறது. ‘தொடர்’ என்றாலே ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சங்கிலிதான் நினைவுக்கு வரும். ‘உறவு’ நல்ல சொல்; ‘உறு’ என்ற வினைக்குப் பொருந்துதல், சேர்தல் என்னும் பொருள்கள் உண்டு. ஒரே வரிசையில் மதிப்புகள் பொருந்தி நிற்பதற்கு அது கச்சிதம். நம் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் முதல் பாடமே ‘உறவுகளும் சார்புகளும்’தான். நேர்காணல் கேள்விக்கான விடையை அங்கேயே சோடி சோடியாக எழுதிப் பழகியிருக்கிறோம்.