ஐந்து சென்டிமீட்டர் ஈரம்



எங்களுடையது வானம் பார்த்த பூமி. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். சிவகாசி வெயில் அதற்கு வாய்ப்பானது. பக்கத்துக் கரிசலில் பருத்திக்கோ ஈரம் வேண்டும்.

அந்த ஈரத்தை என் அப்பா முழங்கை ஆழம் தோண்டி, மண்ணை உருட்டிப் பார்த்துச் சொல்வார். இன்று செயற்கைக்கோள் சொல்கிறது: 2009-ல் ஐரோப்பாவின் ஸ்மாஸ், 2015-ல் நாசாவின் ஸ்மாப். மண் வெளிவிடும் நுண்ணலை ஈரத்துக்குத் தக்கபடி மாறும், அதுதான் கணக்கு.

ஆனால் தெரிவது மேல்மண் 5 சென்டிமீட்டர்தான். கரிசல் மேலே காய்ந்தாலும் அடியில் ஈரம் காக்கும். தூறல் விழுந்தால் மேலே மட்டும் நனையும். ஸ்மாப்பின் ஒரு கட்டம் 36 கிலோமீட்டர். திருவில்லிபுத்தூர்க் கண்மாய்ப் பாசனமும் சாத்தூர் மானாவாரியும் ஒரே எண்ணாகிவிடக்கூடும். நுணுக்கமாகப் பார்க்க வைத்த ரேடார் 2015 ஜூலையிலேயே நின்றுபோனது.

மத்திய அரசின் 2016 வறட்சிக் கையேட்டில் மண் ஈரமும் ஓர் அளவுகோல். எண் பிசகினால் நிவாரணமும் பிசகலாம்.

2025 ஜூலை 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய நிசார் இன்னும் நுணுக்கமாகப் பார்க்கும். அதையும் வயலில் புதைத்த கருவியைக் கொண்டுதான் சரிபார்க்க வேண்டும். விவசாயம் பார்க்கும் என் மாணவர்களே, தோண்டிப் பாருங்கள். கண்ட ஈரத்தைத் தேதியோடு குறித்து வையுங்கள்.