அந்நியத் தலையீடு

தலையீடு என்பதில் உள்ள 'ஈடு', 'இடு' என்பதிலிருந்து வந்தது. பிறர் காரியத்தில் தலையை நுழைப்பதே இன்றைய பொருள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழில் வட்டாரத்தில் அதிகம் புழங்குவது அதன் உடன்பிறப்பான முதலீடு. 'அந்நிய' என்ற அடை முதலீட்டோடு சேர்ந்தால் வரவேற்பு வளைவு, தலையீட்டோடு சேர்ந்தால் கண்டன அறிக்கை. வடமொழி 'அன்ய' என்பதற்குப் 'பிற' என்றே பொருள்; அதே வேரில் பிறந்த அந்நியோன்னியம் நெருக்கத்தைக் குறிப்பது வேடிக்கைதான். தமிழின் 'அயல்' பக்கத்து வீட்டையும் சுட்டும், தூர தேசத்தையும் சுட்டும்; அதில் பகை வாடை இல்லை. ஆகவே 'அயல்நாட்டுத் தலையீடு' என்பதே நிதானமான வழக்கு.

அதே தொழில் வட்டாரத்தில், 2024இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. சிஐடியு என்ற தொழிற்சங்க அமைப்பின் சார்பில் அமைந்த சங்கத்துக்கு அங்கீகாரம் என்பது முக்கியக் கோரிக்கை. இத்தகைய சங்கங்களை 'வெளியார் தலையீடு' என்பது ஆலை வட்டாரங்களில் பழைய வழக்கம். ஆலையில் வேலை செய்யாதவரும் ஓரளவு எண்ணிக்கையில் சங்க நிர்வாகிகளாக இருக்க, அப்போது நடைமுறையில் இருந்த 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டமே இடம் தந்தது. அதைத் தலையீடு என்பது சொல்லை வீணாக்குவது.

செல்லுபடியாகும் வாக்கு செல்வாக்கு; அது வேறு, தலையீடு வேறு. ஆஸ்திரேலியாவின் 2018ஆம் ஆண்டுச் சட்டங்களில் இரண்டும் தனித்தனி: அயல்நாட்டுக்காகச் செல்வாக்குச் செலுத்துவோர் வெளிப்படையாகப் பதிவுசெய்ய வேண்டும், மறைத்தோ மிரட்டியோ தலையிட்டால் சிறைத் தண்டனை.