மறைந்த தலைநகரங்கள்: பௌர்ணமி காத்த உண்ணாமலைப் பட்டணம்

திருவண்ணாமலையைக் கோயில் நகரம் என்று அறிந்தவர்கள் பலர். அது ஒரு பேரரசின் தலைநகராக இருந்தது என்பதை அறிந்தவர்கள் குறைவு. 1311-இல் மாலிக் காபூரின் படையும், 1327-ஐ ஒட்டி முகமது பின் துக்ளக்கின் படையும் ஒய்சாளரின் தலைநகரான துவாரசமுத்திரத்தைச் சூறையாடின. அதன்பின் ஒய்சாள மன்னன் மூன்றாம் வல்லாளன் அண்ணாமலை அடிவாரத்தில் இருந்து ஆண்டான். கன்னடக் கல்வெட்டுகள் இவ்வூரை உண்ணாமலைப் பட்டணம் என்கின்றன. அண்ணாமலையார் கோயிலின் வல்லாள கோபுரம் இன்றும் அவன் பெயரைத் தாங்கி நிற்கிறது. அரண்மனை எங்கே என்று கேட்டால், காட்டுவதற்கு ஒரு சுவர்கூட இல்லை. சுவர் போனாலும் சான்று போய்விடவில்லை. அது இவ்வூரின் திருவிழா நாட்காட்டியில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தைப்பூசத்தன்று அண்ணாமலையார் ஈசான்ய குளத்தில் தீர்த்தவாரி கண்டு திரும்புகிறார். வழியில் வல்லாள மகாராஜா போரில் மாண்ட செய்தி அவருக்குச் சொல்லப்படுகிறது. அந்தக் கணமே மேளமும் நாதஸ்வரமும் அடங்கிவிடுகின்றன. துக்கச் செய்தி கேட்ட மகனைப் போல, சுவாமி ஓசையின்றிக் கோயில் சேர்கிறார். அடுத்த மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, கௌதம நதிக்கரையில் மன்னனுக்குத் திதி கொடுக்கிறார். பூசமும் மகமும் முழுநிலவை ஒட்டி வரும் நாட்கள். ஒரு பௌர்ணமியில் சாவுச் செய்தி, மறு பௌர்ணமியில் திதி. துக்கத்தின் நாட்களை இங்கே நிலவே எண்ணுகிறது. பிள்ளையில்லாத வல்லாளனுக்கு ஈசனே மகனானார் என்ற கதையை எல்லப்ப நாவலரின் அருணாசல புராணமும் பாடுகிறது.

இது வெறும் கட்டுக்கதை என்பவர்களுக்கு வலுவான காரணங்கள் உண்டு. வல்லாளனுக்கு விருபாட்சன் என்ற மகன் இருந்தான்; 1343-இல் முடியும் சூடினான். வல்லாளன் இறந்ததைக் கல்வெட்டு 1342 செப்டம்பரில் வைக்கிறது. தைப்பூசம் வர அதன்பின் நான்கு மாதம் ஆகும். ஆக, கதை சொல்லும் உறவும் தவறு, நாளும் தவறு. ஆனால் விருபாட்சனுக்குப் பின் என்ன நடந்தது? சில ஆண்டுகளுக்குள் ஒய்சாள அரசே முடிந்து, அதன் இடத்தை விஜயநகரம் பிடித்தது. வல்லாளனுக்கு ஆண்டுதோறும் எள்ளும் நீரும் இறைக்க இந்த ஊரில் அவன் வாரிசு ஒருவரும் இல்லை. பிள்ளையில்லா மன்னன் என்று கதை சொல்வது அந்த வெறுமையைத்தான். நாளும் அப்படியே: அரசனின் திதியைத் தனியே நினைவில் வைக்க அரண்மனை வேண்டும்; அரண்மனை அழிந்த ஊர், எல்லோரும் மறக்காமல் கொண்டாடும் பௌர்ணமிகளோடு அதை முடிந்து வைத்தது.

மரணம் மெய் என்பதற்கு வெளியூர்ச் சாட்சியும் உண்டு. மொராக்கோவைச் சேர்ந்த இபின் பதூதா இலங்கையிலிருந்து தமிழகக் கரைக்கு வரும்போது புயலில் கப்பல் தரைதட்டியது. உடன் வந்தவர்களைக் கட்டுமரம் போன்ற தெப்பத்தில் அனுப்பிவிட்டு, உடைந்த கப்பலின் பின்புறத்தில் அவர் இரவைக் கழித்தார். விடிந்ததும் உள்ளூர் மக்கள் ஒரு சிறு படகில் வந்து கரை சேர்த்தனர். அப்படிப் பிழைத்து மதுரைக்குப் போனவர்தான், எண்பது வயது கடந்த வல்லாளனை மதுரைச் சுல்தான் கியாசுதீன் கொன்றதையும், தோலுரித்து வைக்கோல் திணித்த உடலை மதுரை மதிலில் தொங்கவிட்டதையும் எழுதினார். அதைக் கண்ணால் கண்டதாகவும் சொல்கிறார். பெயர் தெரியாத அந்தப் படகோட்டிகள் கரை சேர்த்தது ஒரு மனிதரை மட்டுமல்ல, ஒரு சாட்சியத்தையும்தான். மகன் கையால் கொள்ளி பெறாத அந்த உடலை நினைத்தால், இந்த ஊர் ஏன் இறைவனையே மகனாக்கித் திதி கொடுக்க வைத்தது என்பது புரியும்.

இடிபாடே இல்லையே, இது வெறும் பாசறையாக இருந்திருக்கலாமே என்பது கடைசிக் கேள்வி. அக்காலத்தில் கருங்கல் கோயிலுக்கு. அரசன் வாழ்ந்தது செங்கல்லிலும் மரத்திலும். கங்கைகொண்ட சோழபுரத்திலேயே மாளிகைமேட்டில் மிஞ்சியவை செங்கல் அடித்தளங்கள்தாம். பாசறையைக் கலைத்துவிட்டுப் போகும் அரசனுக்கு ஓர் ஊர் அறுநூற்றெண்பது ஆண்டுகளாகத் துக்கம் காக்குமா? வீடும் விடுதியும் பெருகிவரும் திருவண்ணாமலையில், கடைக்கால் தோண்டும்போது பழஞ்செங்கல்லோ பானையோடோ தென்பட்டால் தூக்கி எறியாதீர்கள். வட்டாட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் தெரிவியுங்கள். உண்ணாமலைப் பட்டணத்தின் நினைவை நிலவு இதுவரை காத்துவிட்டது. மண்ணில் மிச்சமிருப்பதைக் காப்பது நம் கடமை.

(தொடரும்)